சூட்டுக் காற்று

தலைப்பக்கத்தைக் காத்தவராயனும் கால்பக்கத்தைத் தனக்கொடியும் பிடித்துத் தூக்கி, தெய்வசிகாமணியைக் காரின் பின் சீட்டில் கிடத்தினார்கள். நெட்டையான ஆள். இருந்தும் அவரை உள்ளே நுழைப்பது சிரமமாக இல்லை. உடம்பு அவ்வளவு வற்றிப்போயிருந்தது. தனக்கொடி மறுபக்கம் சுற்றிப்போய் ஏறி, புருஷனின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் மே மாதத்து வெயில் வெள்ளையாக நின்றது. சீட்டில் கை வைக்க முடியவில்லை. அவரோ போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "குளிருது கொடி" என்றார்.

அவள் மடித்து வைத்திருந்த இன்னொரு போர்வையையும் எடுத்து மேலே போர்த்தினாள்.

காலையில் டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, இனி இங்கே வைத்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். நல்ல மனிதர். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். பக்கத்தில் நின்ற காத்தவராயன் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காத்தவராயன் தெய்வசிகாமணியின் தம்பி. பஞ்சாலையில் ஃபிட்டர். அண்ணன் தனக்கொடியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காதவன். அவள் அதே ஆலையில் கோன் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். முதல் புருஷனை இழந்தவள். மேளம் இல்லை, பந்தல் இல்லை, மாலை இல்லை. மெரி என்கிற நகராட்சி ஆபீசுக்குப் போய் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் சாட்சிக்கு நின்றார்கள், கல்யாணம் முடிந்தது. பிள்ளைகளும் பிறக்கவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் அக்காவான ராஜாம்பாள், தம்பி பெண்டாட்டியின் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. 'கையெழுத்துக்காரி' என்பாள். முதலியார்பேட்டையில் வைத்த அந்தப் பெயர், இவர்கள் குடியிருந்த தேங்காய்த்திட்டுவரைக்கும் நடந்தே வந்து சேர்ந்தது.

அவர் படுக்கையில் விழுந்ததும் ஆலை வாசலுக்கு ஆள் அனுப்பியவள் தனக்கொடிதான். வருவான் என்று நினைக்கவில்லை. ஷிப்டு முடிந்த அழுக்குச் சட்டையோடு வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அப்புறம் தினமும் வந்தான். ஆனால் அவளிடம் பேசவில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். "ரொட்டி வாங்கியாந்து வச்சிருக்குது." "மாத்திர குடுக்கற நேரம்." யாருக்கென்று இல்லாத பேச்சு. அதில் நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது. அவளும் அப்படியே பழகிக்கொண்டாள். ரொட்டி தின்னப்பட்டது. மாத்திரை கொடுக்கப்பட்டது.

இப்போது ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து, சாவியைப் போட்டுவிட்டு, முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்:

"அக்கா மொதலியார்பேட்டைக்கே கொண்டாந்துடச் சொல்லிச்சி. பொறந்த வூடு. கூடம் கழுவி எல்லாம் ஒழுங்கு பண்ணி வச்சிருக்குது."

அந்த வீட்டைத் தனக்கொடி வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள், சாயம் போன பச்சைக் கதவு. உள்ளே கூடம் எப்படி இருக்கும் என்று தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அங்கே போனதும் இந்தத் தலை வேறு யார் மடிக்காவது போய்விடும். வாசல்பக்கம் நிற்கச் சொல்வார்கள். ஒருவேளை அதையும் சொல்லமாட்டார்கள், அவளே நின்றுகொள்ள வேண்டியதுதான்.

கார் கிளம்பியது. பழைய பெஜோ. தெய்வசிகாமணி இளவயதில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் டிரைவராக இருந்தார். 'முசே' என்றுதான் சொல்வார். அந்த முசே ஒரு குளிர்காலத்தில் அவரைத் தன் ஊருக்கே கூட்டிப்போய், அங்கே வாங்கிய இந்தக் காரை மர்சேய் துறைமுகம்வரைக்கும் அவரை ஓட்டவைத்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். பிறகு ஊரைவிட்டே போனபோது காரை அவரிடம் விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது கல்யாணக் கார். முத்தியால்பேட்டையிலிருந்து பாகூர்வரைக்கும் அதில் ஏறாத மாப்பிள்ளை குறைவு. காத்தவராயன் வண்டி ஓட்டப் பழகியதும் இதே காரில்தான், அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

"ஷொஃபாஜ் போடுடா காத்தா" என்றார் தெய்வசிகாமணி, கண்ணைத் திறக்காமலே.

காத்தவராயனுக்குக் கேட்கவில்லை. தறிச்சத்தம் அவன் காதில் பாதிக்குமேல் தின்றிருந்தது. தனக்கொடிக்கும் அந்தச் சொல் சட்டென்று பிடிபடவில்லை. காருக்குள் சூட்டுக் காற்று வர ஒரு காத்தாடி இருப்பதாக முன்பு எப்போதோ அவர் காட்டியிருக்கிறார். அந்த ஊர் பனிக்கு வைத்தது, நம்ம ஊரில் இதை எவன் போடுவான் என்று சிரித்திருக்கிறார். போர்வைக்கு வெளியே அவர் விரல் நீண்டு, முன்பக்கத்தில் ஒரு கறுப்புக் குமிழைக் காட்டியது.

"அத இழுக்கணுமாம்" என்று அவள் சத்தமாகச் சொன்னாள், யாருக்கென்று இல்லாமல்.

மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் காத்தவராயன் அவள் வாயைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குமிழை இழுத்தான்.

உள்ளே எங்கோ ஒன்று முனகிக்கொண்டு விழித்தது. முதலில் புழுதி வாசனை. அப்புறம் ஒரு சத்தம். சர்ர்ரென்று எதையோ தேய்க்கிற மாதிரி. நடுநடுவே டக், டக் என்று யாரோ பலகையை விரலால் தட்டுகிற மாதிரி.

தெய்வசிகாமணி கண்ணைத் திறந்தார். இரண்டு நாளாக எதையும் பார்க்காமல் இருந்த கண்கள், காரின் கூரையைப் பார்த்தன.

"அது என்னா சத்தம்?"

"ஒண்ணும் இல்ல, நீங்க படுங்க."

"ஒண்ணும் இல்லாம எப்பிடி சத்தம் வரும்?" என்றார்.

வழியெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். குமிழை உள்ளே தள்ளச் சொல்லலாமா என்று அவள் கேட்டதற்கு வேண்டாமென்று தலையை அசைத்தார். கார் ஊரைத் தாண்டிக் கடலூர் ரோட்டில் தெற்கே திரும்பியது. ரயில் கேட் மூடியிருந்தது. சைக்கிள்களும் ஒரு கட்டை வண்டியும் நின்றன. காத்தவராயன் எஞ்சினை நிறுத்தினான். சாவியை முழுக்கத் திருப்பவில்லை போலிருக்கிறது, காத்தாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எஞ்சின அமத்திட்டியா?"

இது அவன் காதில் விழுந்தது. "அமத்திட்டண்ண."

"சத்தம் நிக்கலியே. அப்ப எஞ்சின் இல்ல. பெல்ட்டும் இல்ல." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "காத்தாடியிலதான் என்னுமோ இருக்குது."

"எந்தச் சத்தத்தண்ண சொல்ற?"

தம்பிக்கு அது கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. தனக்கொடி முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள்.

சரக்கு ரயில் போயிற்று. கடைசிப் பெட்டி போன பிறகும் தண்டவாளம் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருந்தது. கேட்டைத் தூக்கினார்கள். காத்தவராயன் சாவியில் கை வைத்தான்.

"எடுக்காத" என்றார் தெய்வசிகாமணி. "சத்தம் என்னான்னு பாக்காம எடுக்காத. நடுவழியில நின்னா ஒருத்தன் வரமாட்டான். எவ்ளோ பனி பாரு."

கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு காம்பவுண்டுக்குள் இலவமரம் காய் வெடித்து நின்றது. பஞ்சு பறந்து வந்து ரோட்டில், சைக்கிள்காரர்கள் தலையில், காரின் முன் கண்ணாடியில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கொடியும் பார்த்தாள். பஞ்சு என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். காத்தவராயன் மேலே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தான். வாயை அல்ல, கண்ணை. கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு இரண்டாகப் பிரியும். நேராகப் போனால் முதலியார்பேட்டை வீடு. இடதுபக்கம் தேங்காய்த்திட்டு. அவன் கேட்டது அதைப் பற்றியல்ல, வண்டியை எடுப்பதா வேண்டாமா என்றுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஓரங்கட்டுங்க" என்றாள்.

அத்தனை வருஷத்தில் அவனைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

*

கேட்டுக்கு அப்பால் ஒரு தூங்குமூஞ்சி மரம் ரோட்டின்மேல் பாதிக்குக் கிளை விரித்திருந்தது. அதன் நிழலுக்குள் கார் போனதும் வெளிச்சம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மாறிற்று. காத்தவராயன் குமிழை உள்ளே தள்ளிவிட்டு இறங்கி, டிக்கியிலிருந்து அண்ணனின் சாமான் பையை எடுத்துவந்தான். ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், எண்ணெய்த் துணி. டிரைவர் சீட்டுக்கு மறுபக்கம் டேஷ்போர்டின் கீழே மல்லாக்கப் படுத்துத் தலையை உள்ளே விட்டான். கால் இரண்டும் கதவுக்கு வெளியே, ரோட்டில் நீண்டிருந்தன.

"யாருனா அந்த சுவிட்ச போட்டு போட்டு நிறுத்துனா தேவல" என்று உள்ளிருந்து சொன்னான்.

தனக்கொடி சுருட்டிய போர்வையைத் தலைக்கு அணையாக வைத்துவிட்டு இறங்கினாள். டிரைவர் சீட்டில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஸ்டியரிங் அவ்வளவு பெரியதாக இருந்தது. குமிழை இழுத்தாள்.

சர்ர்ர். டக். டக்.

"ஓட்டமா வருதா, வுட்டு வுட்டு வருதா?"

"ரெண்டு சத்தம்" என்றாள். "ஒண்ணு ஓட்டமா தேயுது. இன்னொண்ணு வுட்டு வுட்டு இடிக்குது."

"என்னா?"

அவன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தால்தான் அவனுக்குப் பேச்சு விளங்கும். அவள் குனிந்து, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னாள். அவன் கண்கள் அவள் வாயிலேயே இருந்தன. மூக்கின்மேல் ஒரு கரி இழுப்பு. நெற்றியின் அமைப்பு அப்படியே அண்ணனுடையது. இத்தனை கிட்டத்தில் பார்க்கும்வரை அவளுக்கு அது தெரியவில்லை.

"இப்ப நிறுத்தி..." என்று தொடங்கியவன் ஒரு வினாடி தடுக்கினான். "நிறுத்துங்க."

அவள் குமிழை உள்ளே தள்ளினாள். காத்தாடி ஓய்ந்து ஓய்ந்து நின்றது.

"நிக்கும்போது இடிக்கற சத்தம் கூட நின்னுதா?"

"கூடவே கொறஞ்சிது. டக்கு... டக்கு... அப்பறம் காணம்."

"அப்ப காத்தாடியோட சேந்து சுத்துற சாமான்தான்" என்றது பின் சீட்டிலிருந்து வந்த குரல்.

காத்தவராயன் ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் தகரப் பெட்டியில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்போடு அழுத்திக்கொண்டான். ஆலையில் பேரிங்கை இப்படித்தான் பார்ப்பார்கள். "போடுங்க." அவள் போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, நடுக்கத்தை எலும்பால் கேட்டான். "அதிருது. ஆனா புஷ்ஷு காஞ்ச அதிர்வு இல்ல. காஞ்சிருந்தா கூவும். கூவுதா?"

"கூவல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும், அவ்வளவு நாளாகத் திரும்பிப் பார்க்காத இடத்துக்குப் போய் நின்றாள். வரிசை வரிசையாகக் கோன்கள் சுற்றுகின்றன. மேலெல்லாம் பஞ்சுத் தூசி. ஒரு கதிரில் மட்டும் தப்பான சத்தம். அத்தனை சத்தத்துக்குள்ளும் அந்த ஒன்றை அவள் காது எடுத்துவிடும். ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுப்பாள்.

கண்ணைத் திறந்து, அவன் பார்க்கும்படி குனிந்தாள். "கோன் மிஷின்ல நூலு கதுருல சுத்திக்கினா இப்பிடித்தான் கேக்கும். தேயற சத்தம் நூலுதான். இடிக்கறது வேற."

"இங்க ஏது நூலு?"

"எனக்கென்னா தெரியும்? கேக்கறத சொல்றன்."

அவன் யோசித்தான். அப்புறம் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். துருப்பிடித்திருந்தது. கடைசி ஸ்க்ரூ வந்ததும் தகர மூடி கையோடு வந்தது. அதோடு ஏதோ பொலபொலவென்று அவன் முகத்திலும் மார்பிலும் கொட்டிற்று. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

பூ. காய்ந்து, பழுப்பாகி, தொட்டால் தூளாகிற ரோஜா இதழ்கள். சம்பங்கிக் காம்புகள். மஞ்சள் பூசிய அரிசிமணிகள். ஜிகினாத் தாள் பொட்டுகள். முன் கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று உள்ளே போக ஒரு வழி உண்டு. வருஷக்கணக்காகக் காரின் மூக்கில் கட்டிய மாலைகளிலிருந்து உதிர்ந்ததும், மாப்பிள்ளை பெண் இறங்கும்போது தூவியதும் அந்த வழியாக விழுந்து விழுந்து, ஓடாமல் கிடந்த காத்தாடியைச் சுற்றி அடைந்திருந்தன. காத்தாடியின் தண்டில் ஜரிகை நூல் இறுகச் சுற்றியிருந்தது. இரண்டு இறக்கைகளுக்கு நடுவே ஒரு ரோஜாக் காம்பு, முள்ளோடு, சிக்கிக்கொண்டு நின்றது. அதுதான் இடித்திருக்கிறது.

காத்தவராயன் தடித்த விரலால் நூலைப் பிடித்து இழுத்தான். அது இன்னும் இறுகிற்று.

"தம்பி, வுடுங்க" என்றாள் தனக்கொடி. "அறுத்துக்கினு உள்ள போயிடும். நான் எடுக்கறன்."

அவன் விலகி இடம் கொடுத்தான். அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, நூலின் நுனியைத் தேடினாள். கிடைத்தது. ஊசி முனையால் தூக்கி, சுற்று எந்தப்பக்கம் என்று பார்த்து, எதிர்ப்பக்கமாகப் பிரித்தாள். மெல்லிய பொன்னிறத்தில் நூல் வந்துகொண்டே இருந்தது. விரலில் சுற்றிக்கொண்டாள்.

"என்னா அது?" என்றார் தெய்வசிகாமணி.

"பூவுங்க. கல்யாணப் பூவு. உள்ள ரொம்பிக் கெடக்குது."

தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தாள். மரத்தின் இலைநிழல் அவர் முகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது.

"எத்தினி பொண்ணுங்கள எறக்கிவுட்டேன்... உன்னத்தான் நடத்தியே கூட்டியாந்தேன்."

மெரிக்குப் போன அன்றைக்குக் காரை யாரோ கல்யாணத்துக்குப் பேசியிருந்தார்கள். முன்பே ஒப்புக்கொண்டது, மாற்ற முடியவில்லை. வேறொரு டிரைவர் ஓட்டிக்கொண்டு போனான். இவர்கள் இரண்டு பேரும் கடற்கரை ரோடு வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். பாதி வழியில் அவள் செருப்பு அறுந்து, அவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கிட்டத்தானே" என்றாள் தனக்கொடி, நூலைப் பிரித்துக்கொண்டே. "நடந்தா என்னா?"

காத்தவராயன் கையில் பிடித்திருந்த மூடியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது. காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை. சற்று நேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி துடைத்தான், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

காம்பை எடுத்தாகிவிட்டது. பூத்தூளைக் கையால் வாரி மரத்தடியில் கொட்டினார்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடியைப் பூட்டினான் காத்தவராயன்.

"போடுங்க."

அவள் குமிழை இழுத்தாள். மெத்தென்று ஒரு காற்று. அவ்வளவுதான்.

"கேக்குதா?"

இல்லையென்று தலையை அசைத்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் முகத்தில் சிறு பிள்ளையின் சந்தோஷம் வந்து, வந்த வேகத்தில் மறைந்தது, எங்கே இருக்கிறோம் என்று ஞாபகம் வந்ததுபோல.

"காத்து வருது, சூடு வரலியே" என்றார் பின்னாலிருந்து. "பானட்டத் தெற. எஞ்சினுக்கு எடப்பக்கம் சின்னச் சுடுதண்ணிக் கொழா இருக்கும். தொறந்துவுடு."

அவன் போய்த் திறந்தான். எஞ்சினை ஓடவிட்டான். கொஞ்ச நேரத்தில் காற்று சூடேறியது.

*

தனக்கொடி பின்னால் போய் மறுபடி அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். காத்தவராயன் முன்னால் உட்கார்ந்தான். சூடு மெதுவாகப் பின் சீட்டுக்கும் வந்தது. கதவுக் கண்ணாடிகளை அவரே ஏற்றச் சொன்னார். ஊரே விசிறிக்கொண்டிருந்த நேரத்தில், அடுப்பைப்போலக் காய்ந்த அந்தக் காருக்குள் மூன்று பேரும் கதவு மூடி உட்கார்ந்திருந்தார்கள். காத்தவராயனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தனக்கொடியின் கழுத்திலிருந்து வேர்வை வழிந்து ரவிக்கைக்குள் போயிற்று. சைக்கிளில் போன ஒருவன் குனிந்து பார்த்துவிட்டுப் போனான். நிறுத்தலாம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

"தேவல" என்றார் தெய்வசிகாமணி. போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து மார்பின்மேல் வைத்துக்கொண்டார். விரல்கள் விரிந்திருந்தன, எத்தனையோ நாளுக்குப் பிறகு. "இப்ப தேவல."

வெளியே பஞ்சு பறந்துகொண்டே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்தாரோ. அவள் அவர் தலைமயிரை விரலால் ஒதுக்கினாள். நெற்றி சூடாகத்தான் இருந்தது.

சத்தம் போன பிறகு அவர் மூச்சு நன்றாகக் கேட்டது. இழுத்து, நின்று, விட்டு. அவள் தன்னை அறியாமல் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இழுத்து, நின்று, விட்டு. பிறகு, நிற்கிற இடம் நீண்டது. அவளால் கூடவே நிற்க முடியவில்லை. அவள் மட்டும் முந்திக்கொண்டு மூச்சை இழுத்தாள். அவர் வருவார் என்று காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

காற்று மெத்தென்று வந்துகொண்டிருந்தது.

அவள் அழவில்லை, கூப்பிடவும் இல்லை. குனிந்து அவர் கண் இமைகளை மூடினாள். போர்வையைச் சரிசெய்தாள். நிமிர்ந்தபோது, முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் காத்தவராயனின் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாகப் பார்க்கிறான் என்று தெரியவில்லை. அவன் கை கறுப்புக் குமிழை நோக்கிப் போய், தொடாமல் நின்றது. கேட்பதுபோல அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் குமிழை உள்ளே தள்ளி, தன்பக்கக் கதவுக் கண்ணாடியை இறக்கினான். பிறகு ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக் குனிந்தான். அவன் முதுகு மட்டும் குலுங்கிற்று. திறந்த ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தது. அதில் மீன் வாடையும் ஈரமும் இருந்தன.

வெகுநேரம் கழித்து அவன் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண்ணாடியைப் பார்க்கவில்லை. உடம்பை முழுக்கத் திருப்பி, பின் சீட்டைப் பார்த்து உட்கார்ந்தான்.

"எங்க போவலாங்க அண்ணி?"

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

இத்தனை நேரம் வராத அழுகை இப்போது வந்துவிடுமோ என்று தனக்கொடி பயந்தாள். மடியிலிருந்த தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வூட்டுக்கு" என்றாள்.

எந்த வீடு என்று அவன் கேட்கவில்லை. ரோடு பிரிகிற இடத்தில் வேகத்தைக் குறைத்து, பள்ளத்தில் சக்கரம் விழுந்து அலுங்காதபடி பார்த்துப் பார்த்து, இடதுபக்கம் திரும்பினான்.

*

தேங்காய்த்திட்டில் அவர்கள் குடியிருந்தது ஓட்டு வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. கார் வந்து நின்ற விதத்தைப் பார்த்தே பக்கத்து வீட்டு ஆயம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். துறைமுகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நாலு பேர் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கை கொடுத்தார்கள். பாயை விரித்து, தெற்கே தலைவைத்துக் கிடத்தி, விளக்கேற்றினார்கள். காத்தவராயன் அந்த வீட்டின் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிய வேண்டும் என்று தெரியாமல் இடித்துக்கொண்டான்.

பொழுது சாயும்போது ராஜாம்பாள் ரிக்ஷாவில் வந்து இறங்கினாள். பருத்த உடம்பு, மூச்சு வாங்கிற்று. வாசலிலேயே நின்றுகொண்டாள். கூடம் கழுவிவிட்டுக் காலையிலிருந்து சாப்பிடாமல் காத்திருந்தவள்.

"டேய், இங்கியா கொண்டாந்த? பொறந்த வூடு தெறந்து கெடக்குதே, நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

காத்தவராயன் எதிரில்தான் நின்றான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"வழியிலயே முடிஞ்சிபோச்சிக்கா" என்றான். "அண்ணி இங்க வரலான்னாங்க."

ராஜாம்பாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளே பாயும், பாயின் மேலிருந்த நீண்ட கால்களும் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது. "எப்பா... என் சிகாமணீ..." என்று தூணைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனவளை ஆயம்மா தாங்கி உள்ளே கூட்டிவந்தாள். தனக்கொடி நகர்ந்து, தலைமாட்டில் பாதி இடம் விட்டாள். ராஜாம்பாள் அந்த இடத்தில் உட்கார்ந்து தம்பியின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். இரண்டு பெண்களின் முழங்கால்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. யாரும் நகர்த்திக்கொள்ளவில்லை.

கொஞ்சம் ஓய்ந்ததும் ராஜாம்பாள் மூக்கைச் சிந்திவிட்டு, பொதுவாகச் சொன்னாள்: "இருட்டறதுக்குள்ள குளிப்பாட்டணும். தண்ணி இருக்குதா வூட்ல?"

இல்லை. ஆஸ்பத்திரியிலேயே கிடந்த நாட்களில் தண்ணீர் பிடித்துவைக்க ஆளில்லை. தனக்கொடி எழுந்திருக்கப் போனாள்.

"நீங்க இருங்க" என்றான் காத்தவராயன். சமையல்கட்டுக்குள் போய், இருட்டில் துழாவி, பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

உட்கார்ந்த இடத்திலிருந்து தனக்கொடிக்குத் தெருக்கோடிவரை தெரிந்தது. குழாயடியில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆலைச் சட்டையோடு ஓர் ஆம்பிளை குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் குடத்தை எடுத்துவிட்டு விலகினாள். அடுத்தவளும் விலகினாள். கடைசியில் குழாய்க்கு நேரே வழி திறந்தது. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குடத்தை வைத்தான். மாலைத் தண்ணீர், நூல்போலத்தான் விழுந்தது. குடம் பெரியது. அவன் ஒரு கையால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தான். சுற்றிலும் பெண்கள் காலிக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், அது நிரம்பட்டும் என்று நின்றார்கள்.